முள் போட்ட தெரு

வக்கீலய்யா,

நேற்று மத்தியானம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து உங்கள் கட்டையை இறக்கினேன். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் பழைய தோலும் மெழுகும் கலந்த வாசனை வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. மரம் இன்னும் அந்த வாசனையை விடவில்லை. காலுக்குப் பதிலாக வைத்து பூட்ஸ் தைக்கிற மர அச்சைத்தான் நாங்கள் கட்டை என்கிறோம் என்று முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் கடையில் நூறு கட்டைகளுக்கு மேல் இருக்கின்றன. விரல் பக்கம் இல்லாமல் பாதியோடு நிற்பது உங்கள் இடது கால் கட்டை ஒன்றுதான்.

நானாக இறக்கவில்லை. மலையிலிருந்து, ஊர்த் தலைவராக இருந்த ஊர்க்கவுண்டரின் மகன் வந்து கேட்டான். இப்போது அவன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, ஆலங்காயத்தில் மாறி, வாணியம்பாடி வரை இதற்காகவே வந்திருக்கிறான். "ஊர்ல படிப்பகம் கட்டியிருக்கோம் பாய். அய்யா பேரத்தான் வெச்சிருக்கோம். அந்தக் கட்டைய குடுத்தீங்கன்னா கண்ணாடிப் பொட்டியில வெச்சி, கீழ நாலு வரி எழுதிப் போட்டுடுவோம். ஊருக்கே பெருமைங்க" என்றான்.

அவனுக்கு நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் இருந்தபோது பல தடவை வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

நீங்கள் முதல் தடவை என் கடைக்கு வந்தபோது கையில் ஒரு தடி இருந்தது. திருப்பத்தூர் கோர்ட்டில் வக்கீல் என்று சொன்னீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைத்தான் பார்த்தேன். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள், மனிதன் காலை பூட்ஸ்காரன் அறிவான். உட்கார்ந்ததும், "கதவச் சாத்த முடியுமா பாய்?" என்று கேட்டீர்கள். "கடையைத் தொறந்து வெச்சாலே எவனும் வர்றதில்ல, சாத்தினா இன்னா ஆவும்?" என்றேன். சிரித்தீர்கள். ஆனால் காலை நீட்டவில்லை. கடைசியில் என் வீட்டுப் போர்வை ஒன்றைக் கயிற்றில் போட்டுத் திரை கட்டிய பிறகுதான் பூட்ஸைக் கழற்றினீர்கள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த பூட்ஸ் அது. முன்பக்கத்தில் பஞ்சை அடைத்து வைத்திருந்தீர்கள்.

அன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையைச் சொன்னீர்கள். சீனச் சண்டைக்குப் பிறகு பட்டாளத்துக்குப் படித்தவர்களை எடுத்தார்கள் என்றும், கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தேன் என்றும் சொன்னீர்கள். அடுத்த சண்டையில் ஒரு வயல்வரப்பில் கண்ணிவெடி. "என்கூட ஆறு பேரு வந்தாங்க பாய். நான் மட்டும் பாதிக் காலோட திரும்பினேன்." அதைச் சொன்னபோது உங்கள் குரல் கோர்ட்டில் சாட்சி வாக்குமூலம் படிப்பவர் குரல் போலத்தான் இருந்தது. நான்தான் அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது என் சம்சாரத்துக்கும் உங்களுக்கும் தெரிஞ்சா போதும்" என்றீர்கள். "அல்லா அறிய யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். கேட்காமலே சத்தியம் செய்கிற வயசு அது.

முன்பக்கம் கார்க்கைச் செதுக்கி வைத்து, அடியில் இரும்புப் பட்டையைப் பதித்து, உள்ளே ஆட்டுத்தோல் கொடுத்து உங்களுக்கு முதல் பூட்ஸைத் தைக்க எனக்கு நாற்பது நாள் ஆயிற்று. தடியை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். அதற்கப்புறம் கோர்ட்டில் உங்கள் நடையைப் பார்த்தவர்கள் பட்டாளத்து மிடுக்கு என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் மிடுக்கில் பாதி என் கைவேலை என்று ஒரு நாள் சொன்னேன். "மீதி பாதி வலி" என்றீர்கள்.

கோயிலுக்குள் நீங்கள் போக மாட்டீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமே! ஊரில் உங்களை நாத்திகர் என்றார்கள். சாமி இல்லை என்கிறவர்கள் கூட்டம் போட்டு உங்களைப் பேசவே கூப்பிட்டார்கள். நாத்திகர் இல்லை என்று நீங்களும் மறுக்கவில்லை. தேர் போகிற நாளில் வீட்டு மாடியில் யாருக்கும் தெரியாமல் நின்று கும்பிட்டவர் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் சம்சாரம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மலைக்காரர்களின் வழக்குகள் உங்களிடம் வர ஆரம்பித்ததும் அந்த வருஷங்களில்தான். காட்டில் விறகு எடுத்தால் வழக்கு, பாட்டன் வைத்த புளியமரத்தை உலுக்கினால் வழக்கு. கோர்ட் வராந்தாவில் காலையிலிருந்து குந்தியிருப்பார்கள். யார் பேர் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பார்கள். நீங்கள்தான் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி உட்கார வைப்பீர்கள். "கோர்ட்டுல ஜெயிச்சிட்டு வர்றேன், அடுத்த வாரம் வேற ஒருத்தன் மேல அதே கேஸ். சட்டசபைக்குள்ள போனாதான் இது நிக்கும் பாய்" என்று ஒரு நாள் சொன்னீர்கள். சுயேச்சையாக நின்றீர்கள். தராசு சின்னம். வக்கீலுக்குத் தராசு கொடுத்தால் எடையில் வித்தை காட்டுவாரே என்று நான் கிண்டல் செய்தேன்.

"பட்டாளத்துல கால் போச்சின்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமே, ஜனங்க அள்ளிப் போட்ருவாங்களே" என்று அப்போதே சொல்லிப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "கால் போனதுக்கு ஓட்டுன்னா, உயிர் போனவனுக்கு இன்னா குடுப்பாங்க?" 

மற்ற வேட்பாளர்களோடு ஜீப்பில் பேச்சாளர்கள் போவார்கள். உங்களோடு குத்தூசியும் மெழுகு நூலுமாக நான் வந்தேன். மலைப்பாதையில் தினம் ஒரு தையல் விட்டுப்போகும். யாராவது கேட்டால், "பாய் நம்ம சிநேகிதரு, மலை பாக்கணும்னாரு" என்பீர்கள்.

ஊர்க்கவுண்டரின் அந்த ஊருக்குப் போன நாளை நான் மறக்கவில்லை. ஊருக்கு முன்னால் ஒரு புளியமரம், அடியில் அம்மன் கல். அந்தக் கல்லைத் தாண்டி யாரும் காலில் தோல் செருப்போடு போகக் கூடாது. கல்யாணக் கூட்டமானாலும் சரி, அதிகாரியானாலும் சரி. நம்மோடு வந்த ஏழெட்டு பேரும் செருப்பை மரத்தடியில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள். நீங்கள் நின்றுவிட்டீர்கள். பூட்ஸோடு போனால் அவர்கள் அம்மனுக்கு அவமரியாதை, கழற்றினால் காலே இல்லை. நின்ற இடத்திலிருந்தே பேசுகிறேன் என்றீர்கள்.

உள்ளே தெருவில் பாய் விரித்து வைத்திருந்தார்கள். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் ஆக்கி வைத்திருந்தார்கள். ஊர்க்கவுண்டரின் சம்சாரம் மரம் வரைக்கும் வந்து, "வாங்க சாமி, வூட்டாண்ட வந்து ஒரு வாய் சாப்ட்டு போங்க" என்றார். "பரவால்லம்மா, இங்கயே இருக்கறேன், தண்ணி மட்டும் குடுங்க" என்றீர்கள். சொம்பில் தண்ணீர் வந்தது. மரியாதையாகத்தான் குடித்தீர்கள், மரியாதையாகத்தான் கும்பிட்டீர்கள். ஆனால் சொம்பைத் திருப்பி வாங்கிய அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். திரும்பிப் போகும்போது பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நம்ம வூட்டுக்கு வராதவருக்கு நம்ம ஓட்டு மட்டும் எதுக்காம்?"

அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வருவது ஒரு பெரிய காரியமா? அதைக்கூடச் செய்யாதவர் நம்மைக் கீழாக நினைக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். பூட்ஸோடு விறுவிறுவென்று உள்ளே நுழைந்திருந்தால்கூட, தெரியாமல் செய்துவிட்டார் என்று அபராதம் கட்டச் சொல்லி மன்னித்திருப்பார்கள். நீங்கள் அவர்கள் வழக்கத்தை மதித்து வெளியே நின்றதுதான் வினையாகப் போயிற்று. மலையில் ஊர் கூடித்தான் முடிவெடுப்பார்கள். ஓர் ஊர் சொன்னால் சுற்றியுள்ள ஊர்கள் கேட்கும். அடிவாரத்து ஊர்களெல்லாம் உங்கள் பக்கம் நின்றும் மலை ஓட்டு ஒட்டுமொத்தமாக எதிர்த்துப் போய் நீங்கள் தோற்றீர்கள்.

தோற்ற மறுவாரமே அதே ஊர்க்காரர் ஒருவருக்காகக் கோர்ட்டில் வாதாடினீர்கள். அவரால் தலைநிமிர முடியவில்லை. உங்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கோ பொறுக்கவில்லை.

சட்டசபையைக் கலைத்துவிட்டதால் மூன்று வருஷத்தில் மறுபடியும் தேர்தல் வந்தது. மறுபடியும் நிற்கிறேன் என்றீர்கள். "அந்த ஊருக்கு மட்டும் வேணாம் பாய். வாசல்ல நின்னு அவங்கள இன்னொரு தடவ சங்கடப்படுத்த வேணாம்" என்றீர்கள். அந்த ஊர் இல்லாமல் மலை இல்லை, மலை இல்லாமல் ஜெயிப்பு இல்லை என்று உங்களுக்கும் தெரியும்.

வக்கீலய்யா, இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் துணிப்பையில் உங்கள் கட்டையைப் போட்டுக்கொண்டு நான் மலை ஏறினேன்.

ஊர்க்கவுண்டர் வீட்டு முன்னால் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். கட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னா பாய் இது? ஒடஞ்சி பூட்ச்சா?"

"ஒடையல. அவரு எடது காலே இவ்ளோதான். மீதி சண்டையில போச்சி."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கட்டையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் காலை நீட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் சம்சாரம் உள்ளிருந்து வந்து நின்றார். 

"அப்ப அன்னிக்கி மரத்தாண்டயே நின்னது..."

"உங்க அம்மனுக்காகத்தான் நின்னாரு. நான் வந்து சொன்னது அவருக்குத் தெரிஞ்சா என்ன உயிரோட உடமாட்டாரு."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் இன்னா பேச்சு பேசிட்டேன், நான் இன்னா பேச்சு பேசிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். கவுண்டர் கட்டையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "இது செருப்பு இல்ல பாய், அவரு காலு. கால கழட்டி வெச்சிட்டு வான்னு எங்க அம்மன் கேக்கமாட்டா" என்றார். பிறகு சொன்னார்: "ஊர்ல பெரியவங்க நாலு பேருகிட்ட சொல்லித்தான் ஆவணும். ஆனா அவரு மொகத்துக்கு நேரா ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாங்க. நீங்க அவர இட்டுகினு வாங்க."

ஏதோ வழக்கு விஷயம் என்று பொய் சொல்லி உங்களை அழைத்துப் போனேன். மரத்தடியில் நீங்கள் வழக்கம்போல நின்றீர்கள். தெருவைப் பார்த்தேன். அம்மன் கல்லிலிருந்து கவுண்டர் வீடு வரைக்கும் வழி முழுக்க முள். கொல்லைக்கு வேலி போட வெட்டுகிற சூரமுள். அந்த அம்மா ஓரமாக நடந்து வந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "வேலிக்கு வெட்டுன முள்ளு சாமி, வழியெல்லாம் செதறிப் போச்சி. கால்ல குத்திரும், பூட்ஸோடயே வாங்க" என்றார்.

"அம்மன் கல்லு இருக்குதே?" என்றீர்கள்.

"முள்ளு கெடக்கறப்ப அம்மன் ஒண்ணும் சொல்லமாட்டா."

நீங்கள் நடந்தீர்கள். முள் உங்கள் பூட்ஸுக்கு அடியில் முறுக் முறுக்கென்று நொறுங்கியது. ஊர் ஜனம் முழுக்க இரண்டு பக்கமும் வெறுங்காலோடு ஒதுங்கி நின்று பார்த்தது. பாயில் உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டீர்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினீர்கள். நான் மரத்துப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

நீங்கள் ஜெயித்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் போகும்போதெல்லாம் அந்தத் தெருவில் முள் கிடந்தது. வருஷம் முழுக்க வேலி போடுகிற ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்களோ என்று எனக்குப் பயம். நீங்கள் கேட்கவில்லை. குறுக்கு விசாரணையில் எதிராளியைத் திணற அடிக்கிற மனிதர், அந்த ஊர்த் தெருவில் மட்டும் எதையும் கேட்காமல் நடந்தீர்கள்.

ரோடு அளக்க தாசில்தாரைக் கூட்டிக்கொண்டு போன அன்றுதான் மாட்டிக்கொண்டேன். "சார், செருப்ப இங்க உட்டுடுங்க, அம்மன் எல்ல" என்று கவுண்டர் தாசில்தாரிடம் சொன்னார். "முள்ளா கெடக்குதே?" என்றார் தாசில்தார். உடனே கவுண்டரின் சம்சாரம் விளக்குமாற்றை எடுத்து வந்து ஓரமாக ஓர் அடி அகலத்துக்குப் பெருக்கி வழி விட்டார். "நீங்க இப்டி வாங்க சார்." உங்களுக்கு முன்னால் மட்டும் முள் அப்படியே கிடந்தது. நீங்கள் அந்த ஓரடி வழியைப் பார்த்தீர்கள், முள்ளைப் பார்த்தீர்கள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜீப்பில் மலை இறங்கினோம். ஆலங்காயம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். "நீங்க பஸ்ல போய்டுங்க பாய்" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் நீங்கள் கடைக்கு வரவில்லை. பூட்ஸ் மட்டும் பேப்பரில் சுற்றி டிரைவர் கையில் வரும். தைத்துக் கொடுப்பேன். டிரைவரிடம் எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். "இருக்கறாரு" என்பான். திரையை நான் கழற்றவில்லை. அந்தப் போர்வை அங்கேயே தொங்கித் தூசி படிந்தது. அந்த இரண்டு வருஷமும் எனக்கு உங்கள் மேல் கோபமும் இருந்தது, மறைக்க மாட்டேன். உங்கள் வைராக்கியத்துக்காக, உங்களைத் தோற்கடித்த கெட்ட பேரை அந்த ஜனம் எதற்காகச் சுமக்க வேண்டும் என்று தனியாகப் பேசிக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு நாள் மழை விட்ட நேரத்தில் நீங்களே வந்தீர்கள். எப்போதும் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் எழுந்து திரையை இழுக்கப் போனேன்.

"அந்த முள்ள யாரு பாய் பொறுக்கறாங்க?" என்று கேட்டீர்கள்.

எனக்குப் புரியவில்லை.

"நான் வர்றதுக்கு முன்னாடி யாரோ போடறாங்க. நான் போனப்புறம் யாராவது பொறுக்கித்தான ஆவணும்? புள்ளைங்க வெறுங்கால்ல ஓடற தெரு."

"பொம்பளைங்கதான். கவுண்டரு சம்சாரந்தான் முன்ன நிப்பாங்க" என்றேன்.

தலையை ஆட்டினீர்கள்.  "அந்தத் துணிய எடுத்துடுங்க பாய். காத்து வரட்டும்" என்றீர்கள். பஜாரில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. நீங்களே குனிந்து பூட்ஸைக் கழற்றி, அந்தக் காலை என் மடியில் வைத்தீர்கள்.

அந்த ஊருக்கு அதற்கப்புறமும் போனீர்கள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முள்ளின் மேல் நடந்தீர்கள். அவர்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நீங்கள் போன அன்று திருப்பத்தூரில் உங்கள் வீட்டு முன்னால் லாரியில் வந்து இறங்கினார்கள் மலை ஜனங்கள். கவுண்டர் நேராக என்னிடம் வந்து காதோடு கேட்டார். "பாய், அவரு கால் எங்க?" குளிப்பாட்டும்போது இடது பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார்கள். உங்கள் சம்சாரத்திடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். கவுண்டர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல், வேட்டிக்கு அடியில் உங்கள் இடது காலோடு சேர்த்து வைத்தார். "போற வழியில முள்ளு கெடந்தா இன்னா பண்ணுவாரு?" என்றார். இந்தத் தை மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இனி நேற்றைய விஷயம். "உங்கப்பா உன்கிட்ட இன்னா சொன்னாரு?" என்று வாத்தியாரைக் கேட்டேன். போகிற சமயத்தில் உங்கள் காலைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார்.

"முள்ளப் பத்தி சொல்லலியா?"

"முள்ளா? இன்னா முள்ளு பாய்?"

அந்த வருஷங்களில் அவன் போளூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தவன், நீங்கள் வரும் நாள்களில் ஊரில் இல்லாதவன். எல்லாவற்றையும் சொன்னேன். சொம்பை வாங்கிக்கொண்டு போன அவன் அம்மாவைச் சொன்னேன், விளக்குமாற்றைச் சொன்னேன், நீங்கள் போன பிறகு குனிந்து குனிந்து முள் பொறுக்கியதைச் சொன்னேன். "உங்கம்மாகிட்ட போய்க் கேளு. கண்ணாடிப் பொட்டியில வெக்கலாம்னு அவங்க சொன்னா வா, நானே எடுத்துத் தர்றேன்" என்றேன்.

அவனுக்கு வாங்கி வைத்த டீயை அவன் குடிக்கவே இல்லை, ஆறிப்போயிற்று. பிறகு கட்டையை எடுத்து, நான் வைத்திருந்த துணியிலேயே சுற்றி, அவனே முக்காலி மேல் ஏறி மேல்தட்டில் வைத்தான். "அம்மாவ கேக்கத் தேவல பாய். இன்னா சொல்லும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மலையில் போய்ச் சொன்னது நான்தான் வக்கீலய்யா. அல்லா பேரைச் சொல்லிச் செய்த சத்தியத்தை மீறினேன். அதற்கு அந்த அல்லாவிடமே நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது கேட்க மனம் வரவில்லை. மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தால் மறுபடியும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவேன்.

இந்த மடலையும் அந்தத் துணிக்குள்தான் வைக்கப் போகிறேன். நான் போன பிறகு கரையான் தின்றால் தின்னட்டும். கட்டை இல்லாமலே உங்கள் காலை எனக்குத் தெரியும். எந்த இடத்தில் தோல் மெல்லிசாக இருக்க வேண்டும், எந்த இடத்தில் தையல் படக் கூடாது, எங்கே விரல் பட்டால் நீங்கள் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசுவீர்கள் என்பதெல்லாம் என் கையில் இருக்கிறது.